கூப்பிடாமல் வந்த சட்டம்

2008 ஐப்பசி மழையில், முறிந்த இடக்கையை முந்தானையில் தாங்கிக்கொண்டு அமிர்தம் பஸ் ஏறினாள். சிதம்பரத்தில் தங்கை மங்கலம் இருந்தாள். கை முறிந்தது புருஷன் தங்கராசு துடுப்பால் அடித்த அடியில்.

மங்கலம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். “வழுக்கி உழுந்துட்டேன்” என்றது டாக்டரிடம் எடுபடவில்லை. கட்டுப் போட்டவர் கையோடு போலீசுக்கும் தகவல் அனுப்பிவிட்டார்.

“என்னெ ஒரு வார்த்தை கேக்கலியேடி,” என்று தங்கையிடம் பொரிந்தாள் அமிர்தம். “அடிச்சவனும் கேக்கல, இவுரும் கேக்கல. ஊருல என் கதி என்னா ஆவும்?”

பயந்தபடியே ஆயிற்று. கடலூர் முதுநகரை ஒட்டிய அவளுடைய மீனவக் குப்பத்தில், பஞ்சாயத்தைக் கேட்காமல் போலீசுக்குப் போவது குற்றம். தங்கராசுவைப் பிடித்துப் போன மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது: கேசை வாபஸ் வாங்கும்வரை அமிர்தத்துக்குக் கரையில் யாரும் மீன் ஏலம் விடக் கூடாது. கூடை சுமந்து விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

யோசித்து யோசித்துப் பார்த்தாள். பிறகு, பெண்கள் ஏறாத பஞ்சாயத்துக் கொட்டகையில் கட்டுப் போட்ட கையோடு போய் நின்றாள்.

“வாபஸ் வாங்கிட்டியா?” என்றார் தலைவர் சடையப்பன்.

“நான் போட்ட கேஸா இருந்தா வாங்கலாம் மாமா. டாக்டரு சொன்னாரு, போலீசு வந்துது. நான் யாரையும் கூப்புடல. ஊரெக் கேக்காம வந்தது சட்டம். தண்டனைய அதுக்குப் போடுங்க.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“வாயி ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு.”

“ஒடஞ்சது கைதான மாமா.”

கொட்டகையே சிரித்தது. போலீசுக்குப் போகாதவளுக்கு எதற்குத் தண்டனை என்று ஆளாளுக்குக் கேட்கத் தொடங்க, சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மறுநாள் விடியலில் முதல் கூடை சங்கரா மீனை அமிர்தமே ஏலத்தில் எடுத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, சிதம்பரத்தில் ஒரு பெண்கள் அமைப்பு அடிபட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்டது: பாதிக்கப்பட்டவள் வேண்டாமென்றாலும் கேஸ் போடத்தான் வேண்டுமா?

“அன்னிக்கு என்னெக் கேட்டிருந்தா, பயத்துல வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றாள் அமிர்தம். “அதால கேக்காம வந்தது சரி. வந்தப்புறம் கேக்கணுமா இல்லியா? அவன் ஜெயில்ல கெடக்கணும்னு நான் சொல்லல. என் வூட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னேன். கோர்ட்டுல நின்னு அதெ உத்தரவா வாங்குனது நானு. இன்னிக்கு வரைக்கும் ஏறல.”

கூட்டம் நடத்திய அருள்மொழி குழம்பினாள். “அப்ப, கேக்காம வரணும்னு எழுதிக்கவா, கேக்கணும்னு எழுதிக்கவாக்கா?”

“ரெண்டையும் எழுதிக்க கண்ணு. சீக்கிரம் எழுது, சாயங்கால ஏலத்துக்கு நான் போவணும்.”