மாடியிலிருந்து இறங்கிய மூன்றாம் வகுப்பு

மே மாத வெயிலில் எங்கள் செம்மண்டலம் தெருவுக்குள் மேளச் சத்தம் கேட்டால், கல்யாண ஊர்வலம் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாநகராட்சிப் பள்ளி டீச்சர்கள் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருடம் தலைமையாசிரியை எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் கடுகடுவென்று இருந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் என் மகளை அவள் படித்த தனியார் பள்ளி கழற்றிவிட்டிருந்தது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்களில் பலம் இல்லை. அங்கே இரண்டாம் வகுப்புவரை தரைத்தளம், மூன்றாம் வகுப்பு மாடியில். "லிஃப்ட் இல்ல சார், வேற எடம் பாத்துக்குங்க" என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். அவளுடைய படிப்பு இத்தோடு நின்றுவிடுமோ என்று நானும் மனைவியும் பயந்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"எம் பொண்ணால மாடி ஏற முடியாதுங்க. உங்க ஸ்கூல்லயும் மூணாங்கிளாஸ் மாடியிலதான?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"ஆமாங்க. நீங்க கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அந்தம்மா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். சிதம்பரத்திலிருந்து என் மனைவியின் தம்பி போன் செய்தான். "கவர்மெண்ட் ஸ்கூலா? வேணாம் மாமா. அங்கயே ஒரு நல்ல ஸ்கூல் இருக்கு, ஃபீஸ்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். விசாரித்தால் அந்த நல்ல ஸ்கூலுக்கு மூன்று மாடி!

ஜூனில் பள்ளி திறந்த அன்று மகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறினேன். மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்த அறைக்குள் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

"அங்கிள், இது நாலாங்கிளாஸ். மூணாங்கிளாஸ் கீழ போயிடுச்சு!"

வகுப்பை மாற்றியவர்கள் போர்டை மாற்றவில்லை. அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. அரசாங்கப் பள்ளிக்கூடமல்லவா!

கீழே, வாசலை ஒட்டிய அறையில் மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. என் ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பே இறங்கி வந்திருந்தது. அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டரைக் கிளப்பாமல் வெகுநேரம் நின்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

குறை இல்லாமல் இல்லை. குழாயில் சில நாள் தண்ணீர் வராது. ஒரு டீச்சர் லீவு போட்டால் இரண்டு வகுப்பு ஒன்றாகிவிடும். ஆனால் காலையில் சுடச்சுடப் பொங்கல், மத்தியானம் முட்டை. வீட்டில் இட்லியைக் கண்டாலே முகம் சுளிக்கிறவள் அங்கே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாரத்தில் ஒருநாள் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வந்தார். நடப்பதற்குக் காலில் மாட்டிக்கொள்ளும் காலிபரும் அரசே கொடுத்தது. நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு எல்லாம் அவளுக்கு அதே அறைதான். ஒவ்வொரு ஜூனிலும் மற்ற வகுப்புகள்தான் அவளைச் சுற்றி இடம் மாறின.

ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிந்தது. பழைய பயம் திரும்பி வந்தது. அடுத்துச் சேர வேண்டிய அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி பெரிய கட்டடம், எங்கு பார்த்தாலும் படிக்கட்டு. மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தலைமையாசிரியை முன்னால் உட்கார்ந்தேன். அவர் அவளுடைய காலிபரைப் பார்த்தார்.

"ஓ, இந்தப் பொண்ணா? உங்க பழைய ஹெச்.எம். போன வாரமே வந்துட்டாங்க. ஆறாங்கிளாஸ கீழ கொண்டாரேன்னு நான் சொல்ற வரைக்கும் அந்த நாற்காலிய விட்டு அவுங்க எந்திரிக்கவே இல்ல."

வீட்டிலிருந்து வழியெல்லாம் எப்படிக் கெஞ்சுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். என்னை யாரும் கெஞ்ச விடவில்லை.