பட்டியலில் நான் அழித்த இரண்டு வரிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருவனந்தபுரத்தில், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை மதியம் நான் செய்த காரியம் இது. சம்பந்தப்பட்ட ஒருத்தியைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் வாராந்தர ஜெபக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. நோயாளிகள், வேலை தேடுகிறவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று ஒரு பக்கம் வரும். ஞாயிறு காலை ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். அதில் மூன்றாவது வரி என் கணவர். பக்கவாதம் வந்து அப்போது நான்கு வருடம். பேச்சும் போய்விட்டது. காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு தம்பானூர் ஆபீசுக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்தால் மறுபடியும் அதே வேலைகள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால் நாலு பேராவது "பேதம் உண்டா?" என்று, அதாவது கொஞ்சமாவது குணம் தெரிகிறதா என்று, கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். எனக்குத்தான் "அப்படியேதான் இருக்கிறார்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிற்று. இவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைப்பார்களோ என்ற எரிச்சல் வேறு. அந்தச் சனிக்கிழமை அவர் வரியை அழித்துவிட்டேன். பழைய வரிகளை எடுக்கிறேன் என்று எனக்கே அது நியாயமாகத் தெரிய வேண்டுமே, அதனால் இன்னொரு பழைய வரியையும் சேர்த்து அழித்தேன். பாறசாலையிலிருந்து ரயிலில் வந்து கிழக்கேகோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணின் மகளுக்கான வரி அது. வலிப்பு நோய். ஒன்பது வருடமாக ஒரே வரி, ஒரு எழுத்து மாறவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லிச் சமாளிக்கத் தயாராக நின்றேன். அவளோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்க பேரு லிஸ்ட்ல இல்லியே அக்கா. சொகமாயிட்டு, இல்லே?"

முகமெல்லாம் சிரிப்பு. ஆராதனை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். தன் மகள் பெயர் இல்லாததையும் பார்த்திருக்கிறாள். தாளில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாளாம்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் சொல்லத் தெம்பில்லை. நான்தான் இரண்டையும் அழித்தேன், கடவுளிடம் கேட்டுக் கேட்டு எனக்கு மடுத்துவிட்டது, அலுத்துச் சலித்துவிட்டது, இனி முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எனக்கும் மடுக்கும் அக்கா," என்றாள். "சில நாளு எனக்க மவளுக்காக ஒரு வார்த்த வராது. அன்னைக்கு ரயில்ல இருந்து அண்ணனுக்காக ஜெபிப்பேன். அடுத்தவங்களுக்காக கேக்கது மட்டும் மடுக்காது."

நான்கு வருடத்தில் ஒரு முறைகூட அவள் என்னிடம் பேதம் உண்டா என்று கேட்டதில்லை. அடுத்த வாரம் இரண்டு பேரையும் போட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். நான் அங்கேயே, நாலு பேர் பார்க்க, அழுதேன்.

ஒன்பது வருடம் அந்தப் பிள்ளையின் பெயரை அடித்துக்கொண்டிருந்த நான் ஒரு நாளாவது அவளுக்காகக் கண்ணை மூடியதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் முதல் தடவையாக அவளுக்காக ஜெபித்தேன்.

என் கணவர் இன்னும் பேசவில்லை, அந்தப் பிள்ளைக்கு வலிப்பும் நிற்கவில்லை. என் களைப்பும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஜெபிக்க என் வாயில் ஒரு வார்த்தையும் வராத காலைகளில், பாறசாலையிலிருந்து வரும் ரயிலில் ஒருத்தி என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துத்தான் நான் எழுந்து அடுப்பில் கஞ்சியை வைக்கிறேன்.