திருக்கோஷ்டியூர்ச் சந்தையில் படுத்துக்கொண்ட மாடு

1971 மாசியில் நான் திருக்கோஷ்டியூருக்குப் போனது சாமி கும்பிட இல்லை, மாடு வாங்க. நாச்சியாபுரத்தில் தனியாக விவசாயம் பார்த்துவந்த என் அக்காவின் உழவு மாடுகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. மிச்சமிருந்தது நுகத்தடியின் வலப்பக்கம் மட்டுமே நடந்து பழகியது. இடப்பக்கம் நடக்கும் ஜோடி கிடைக்காவிட்டால் அந்த வருஷம் அவளுக்கு உழவே இல்லை.

தெப்பத் திருவிழாவை ஒட்டி அங்கே மாட்டுச் சந்தை கூடும். முதல் நாளே காரைக்குடியிலிருந்து நாச்சியாபுரத்துக்கு பஸ் ஏறினேன், டிக்கெட் நாற்பத்தைந்து பைசா. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு, ஜோடி சேர்த்துப் பார்ப்பதற்காக இருந்த மாட்டையும் பிடித்துக்கொண்டு, அக்காவும் நானும் திருப்பத்தூர் வழியாகப் பத்து மைல் நடந்தோம். வழியில் நான் இரண்டு தடவை உட்கார்ந்தேன், மாடு உட்காரவில்லை. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா தெப்பக்குளத்தில் விளக்கு வைக்கப் போனாள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. நான் சும்மா நிற்பேனா? நெற்குப்பைக்காரர் ஒருவரின் மயிலைக் காளை கொம்பழகில் என்னைக் கவிழ்த்துவிட்டது. அவர் துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். புரிந்தவன்போலத் தலையாட்டி, பத்து ரூபாய் அச்சாரமும் கொடுத்தேன். விலை முந்நூற்று இருபது என்பதே பிறகுதான் தெரிந்தது. பூட்டிப் பார்க்காமல் அச்சாரம் கொடுத்த மடையன் அந்தச் சந்தைப் பொட்டலில் நான் ஒருவன்தான். கொடுத்தால் மாடு நம்முடையது. பின்வாங்கினால் அந்தச் சந்தையில் அப்புறம் யாரும் நம்மை மதிக்கமாட்டார்கள்.

அக்கா வந்ததும் பூட்டிக் காட்டச் சொன்னாள். அவர் தன் வண்டியில் காளையை வலப்பக்கம் பூட்டினார். நாலு எட்டு வைத்தது, படுத்துக்கொண்டது. வாலை முறுக்கியும் எழவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. குனிந்து காளையின் கழுத்தைத் தடவினாள். நுகத்தடியின் வெளிப்பக்கக் குச்சி உரசி, இடப்பக்கம் மட்டும் மயிர் தேய்ந்திருந்தது. இடப்பக்கமே பூட்டிப் பழகிய மாட்டுக்குத்தான் அங்கே தேயும்.

"அண்ணே, இத எம்புட்டு நாளா வலத்த பூட்டுறீக?"

"வாங்கி ஒரு மாசமாச்சு. எங்கிட்ட இருக்கது இடத்த மாடு, அதான்."

"அவுத்துவிடுங்க. எம்மாட்டோட சேத்து இடத்த பூட்டுங்க."

பூட்டியதும் அக்காவே வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடித்தாள். சாட்டையைத் தொடவில்லை. இரண்டும் ஒரே நடையில் பொட்டலை மூன்று சுற்று சுற்றி வந்தன. சந்தோஷத்தில் நான் துண்டைச் சுழற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நெற்குப்பைக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அச்சாரத்தை இரட்டிப்பாகத் தருவதாகவும் மாட்டை விட்டுவிடும்படியும் கேட்டார்.

"படுத்தப்ப எங்க மாடா இருந்துச்சு. எந்திரிச்சதும் உங்க மாடாயிருமாண்ணே?" என்றாள் அக்கா. மனிதர் மீதி முந்நூற்றுப் பத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.

இப்போது போகிறவர்கள் திருப்பத்தூரில் இறங்கினால் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் கோயில் வாசலுக்குப் போய்விடலாம். வெயில் ஏறுவதற்குள் விமானத்தின் மேல்தளங்களுக்கு ஏறிவிடுங்கள், அப்புறம் கல்லில் கால் வைக்க முடியாது. மாடு வாங்குகிற உத்தேசம் இருந்தால் கொம்பை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள்.

அன்று ஊர் திரும்ப வயல் வழியாகக் குறுக்குப் பாதை இருந்தது. அக்கா அதில் வரவில்லை. சந்தையின் நட்டநடுவே, ஜோடியை இரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். சிரித்தவர்கள்தான் ஒதுங்கி வழிவிட்டார்கள்.