தாயில்பட்டியில் ஜல்லி இடைவெளி அளக்கப் போன கதை

2006 கோடையில் தாயில்பட்டிப் பக்கம் ஓடையில் சிறுபாலம் கட்டினார்கள். முக்கால் அங்குல ஜல்லியையும் அரை அங்குல ஜல்லியையும் கலந்தால் கற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று அளந்து வர ஆபீஸில் என்னை அனுப்பினார்கள். இடைவெளி குறைந்தால் சிமெண்டும் குறையும்.

மதுரையில் ஆறு மணிக்குப் பஸ். விருதுநகர், ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்கு எட்டரை. அங்கிருந்து ஆட்டோ, 180 ரூபாய், முக்கால் மணி நேரம். டிரைவர் கருப்பசாமி நல்ல பேச்சுக்காரர். வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனிகள்தான்.

ஜல்லிக் குவியல் ஒரு கம்பெனி வேலியை ஒட்டிக் கிடந்தது. தார்ப்பாய் நிழலில் பத்து லிட்டர் பாத்திரத்தை வைத்தேன். மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இரும்புக் கம்பியால் இருபத்தைந்து முறை குத்த வேண்டும். இரண்டாவது அடுக்கில் கம்பி முனையில் சின்னதாய் ஒரு பொறி. நான் நிறுத்தவில்லை.

"ஏ அய்யா! கம்பிய நிப்பாட்டுங்க! இங்கன மருந்து காயுது!"

வேலிக்கு அப்பால் ஒரு பெண், முழங்கை வரை வெடிமருந்தின் சாம்பல் நிறம். அவருக்குப் பின்னால் வெயிலில் வரிசை வரிசையாகப் புஸ்வாணப் பூச்சட்டிகள். என் செருப்பைச் சுற்றியும் அதே சாம்பல் தூசி. காற்று என் பக்கம்தான் அடித்தது.

ஓங்கிய கம்பி அப்படியே நின்றது. கீழே வைக்கவும் பயம், எங்கும் கல்.

"போட்றாதீக சார்," என்றபடி, ஆட்டோவோடு காத்திருந்த கருப்பசாமி சாக்கை நனைத்து வந்து, கம்பியை அதில் சுற்றி வாங்கிக்கொண்டார். அதற்குள் உள்ளே வேலை செய்த பெண்கள் வெறுங்காலோடு பொட்டலுக்கு ஓடியிருந்தார்கள். கால் மணி நேரம் அங்கேயே நின்றார்கள்.

"மன்னிச்சிருங்கம்மா," என்றேன்.

"நீங்க போயிருவீக. நாங்கதான உள்ள போகணும்," என்றார் அந்தப் பெண். மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஜல்லியை மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றி, மூன்று கிலோமீட்டர் தள்ளி வெம்பக்கோட்டை அணைப் பக்கம் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். முக்கால் ஜல்லி மட்டும் நிரம்பிய பாத்திரம் 4.4 லிட்டர் தண்ணீர் பிடித்தது. கலவை 3.7. அதாவது இடைவெளி 37 சதவீதம், நல்ல கலவைதான். தண்ணீர் சிந்தியதால் இரண்டு முறை அளந்தேன்.

இந்தப் பக்கம் சோதனைக்குப் போகிறவர்கள் ஜல்லியை முந்தின நாளே ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கல் குடிக்கும் தண்ணீரும் இடைவெளிக் கணக்கில் சேர்ந்துவிடும். கம்பியை எடுக்கும் முன் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன காய்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.