குனெகுண்டா சீமாட்டியின் மூக்கு

வாலென்ட்டிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. தான் வரைந்த முகத்துக்குச் சொந்தக்காரர் வாயாலேயே "நல்லா இருக்கு" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். பேராசை இல்லைதான். ஆனால் அவர் தொழில் அப்படி. செத்துப்போன சீமான்களையும் சீமாட்டிகளையும் ஆறு மூலைத் தகரத்தில் வரைந்து, சவப்பெட்டியின் தலைமாட்டில் அடித்துக் கொடுப்பார். கோயிலில் அழ வந்தவர்களைப் பார்த்து அந்தத் தகர முகம் முழித்துக்கொண்டிருக்கும். எல்லோரும் செத்தவரைப் புகழ்வார்கள். வரைந்தவரை யார் நினைப்பார்கள்? கோஸ்த்தியான் ஊரில் முப்பது வருடமாக இதே கதைதான்.

அந்த வட்டாரத்தில் தூரிகை பிடித்தவர் வேறு ஆள் இல்லை. அதனால் மாளிகைச் சீமாட்டி குனெகுண்டா, தலைநகர் வார்சாவாவின் நாகரிகப்படி பட்டுக் கவுனும் மாவு தூவிய கொண்டையுமாகத் தன்னை வரைய இவரையே கூப்பிட்டனுப்பினார். வாலென்ட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி சலோமெயாதான் குறுக்கே ஒரு வார்த்தை போட்டாள்.

"உசுரோட இருக்கறவங்க பேசுவாங்க. உங்களுக்குப் பழக்கமில்ல, பாத்துக்குங்க."

அவள் வாய் முகூர்த்தம் பலித்தது. முதல் நாளே சீமாட்டி தும்மினார். வாலென்ட்டி தூரிகையைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் பாய்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் எதிரே இருந்தவர் யாரும் அசைந்ததே இல்லை.

அடுத்து மூக்கு விவகாரம். சீமாட்டிக்கு அது தகப்பனார் வழிச் சொத்து. ஆள் வருவதற்கு முன்னால் மூக்கு வந்துவிடும். வாலென்ட்டி உள்ளதை உள்ளபடி வரைந்திருந்தார். செத்தவர் யாரென்று உறவுக்காரர்களுக்கே தெரியாமல் போனால் பிழைப்பு என்ன ஆவது? அதனால் மருவைக்கூட விடாத கை அது. சீமாட்டி மூக்கைக் குறைக்கச் சொன்னார். மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு இரட்டைத் தாடை, பிறகு மரு, அப்புறம் வயதில் ஒரு பதினைந்து. வாலென்ட்டி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் குறைத்தார். கடைசியில் கவுன் மட்டும்தான் சீமாட்டியுடையது.

பத்தாம் நாள் படம் கூடத்தில் ஏறியது. சீமாட்டியின் நாய்க்குட்டி அதைப் பார்த்துக் குரைத்தது. வேட்டையிலிருந்து திரும்பிய கணவர் தொப்பியைக் கழற்றிப் படத்துக்கு ஒரு வணக்கம் வைத்து, இந்த அம்மாள் எந்த ஊர் என்று விசாரித்தார். சீமாட்டி படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைப்பக்கத்து லேஸ் சரியாக வந்திருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

வாலென்ட்டி வண்ணங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது சீமாட்டி கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தகரம் கொண்டாந்திருக்கியாய்யா?"

தகரம் இல்லாமல் வாலென்ட்டி எங்கும் போனதில்லை. யாருக்கு என்று கேட்டுக்கொண்டே ஒன்றை உருவி எடுத்தார்.

"எனக்குத்தான். வேளை வந்தப்புறம் எவனாவது கத்துக்குட்டி வந்து கெடுக்கவா? இதுல மூக்க அப்படியே வையி. போஸ்னான்லேருந்து என் நாத்தனா வருவா. பெட்டிக்குள்ள வேற யாரோன்னு அவ நெனச்சுடக் கூடாது. நான்தான்னு தெரிஞ்சு அழணும்."

ஒரே காலையில் முடித்தார். மூக்கு, மரு, தாடை இரண்டும். கை தானாக ஓடியது. சீமாட்டி தகரத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். தகப்பனாரின் மூக்கைத் தொடப் போய், வண்ணம் இன்னும் ஈரம் என்று விரலை இழுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்குய்யா."

முப்பது வருடம் காத்திருந்த வார்த்தை. பதிலுக்கு என்ன சொல்வது என்று மட்டும் வாலென்ட்டி யோசித்து வைக்கவில்லை. தகரம் ஒன்று முடிந்தால் அவர் வாய் சொல்லிப் பழகியது செத்தவர்களுக்கான ஜெபம் ஒன்றைத்தான், அதுவே வந்தது. கண் கலங்கக் கை கூப்பி, "நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்றார்.

சீமாட்டி தகரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமென். ஆனா ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.