சாயங்காலத் தூக்கம்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில், மாலை ஆறு மணி ஆனதும் என் மனைவி தொலைபேசியைத் துண்டால் மூடிவிடுவாள். இரண்டாக மடித்த தடித்த துண்டு. மணி அடித்தால் உள்ளே ஏதோ பூச்சி மாட்டிக்கொண்டதுபோல முனகும். ஆறுக்கு முன்பே குக்கர் இறங்கிவிடும். டிவியை யாரும் தொடமாட்டார்கள். யாராவது வந்தால் என் மகள் ஜன்னல் வழியாகவே பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பேசி அனுப்புவாள். எல்லாம் நான் தூங்குவதற்காக.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெரிய கவலை எதுவும் இல்லை. தி. நகரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி அடையாறில் ஒரு பள்ளியில் டீச்சர். ஒரே மகள், ஏழாம் வகுப்பு. ஒருநாள் படுத்தேன், தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வராததே வழக்கமாகிவிட்டது. விடியற்காலையில் கொஞ்சம் கண் அசரும். அவ்வளவுதான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சில வாரங்கள் போட்டுப் பார்த்தேன். தூக்கம் வந்தது, ஆனால் அது மறுநாள் மதியம்வரை கூடவே ஆபீஸுக்கும் வந்தது. கூட்டல் தப்பியது. ஒருநாள் பாண்டி பஜாரில் வண்டி வருவது தெரியாமல் தெருவில் இறங்கிவிட்டேன். அதைக் கேட்டதும் மனைவி மீதி மாத்திரைகளை எடுத்துக் குப்பையில் போட்டாள். "இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் பார்த்துக்கொள்வது என்றால் சாதாரணமாக இருக்காது. கசகசாவை ஊறவைத்து அரைத்துப் பாலில் கலந்து தருவாள். ஒரு வாரம் கழித்து கசகசா போய் ஜாதிக்காய் வரும். கல்லில் பால் விட்டு இழைத்துக் கரண்டியில் ஊட்டாத குறை. இரவில் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்ப்பாள். பக்கத்து வீட்டில் ஒரு தையல்கார பாய் இருந்தார். அவர் வீட்டு வாசலில் ஒரு மருதாணி மரம். அதன் பூவைத் தலைமாட்டில் வைத்தால் தூக்கம் வரும் என்று அவர் மனைவி சொன்னதிலிருந்து, தினமும் ஒரு கொத்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மருதாணிப் பூவுக்கு இப்படி ஒரு வாசனை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. விடியவிடிய அதை முகர்ந்துகொண்டு விழித்திருந்தேன்.

என்னைவிட அவள்தான் கஷ்டப்பட்டாள். நான் புரண்டால் அவளுக்கும் விழிப்பு வந்துவிடும். "தூக்கம் வரலையா?" என்பாள். வரவில்லை என்றால் எழுந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிடுவாள். காலையில் சிவந்த கண்ணோடு பஸ் பிடித்து அடையாறு போய் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வரவேண்டும். அதனால் புரளாமல் படுத்திருக்கப் பழகிக்கொண்டேன். கட்டை மாதிரி கிடப்பேன். அதுவும் அவளுக்குத் தெரிந்துவிடும். "மூச்சு வேற மாதிரி இருக்கு. முழிச்சிட்டுதானே இருக்கீங்க?" என்பாள் இருட்டில்.

கடைசியில் திருவான்மியூர் கோயில் பக்கம் இருந்த ஒரு சித்த வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் நாடி பார்த்தார், அமுக்கரா சூரணம் கொடுத்தார், மதியத்துக்கு மேல் காபி கூடாது என்றார். கிளம்பும்போது, "ராத்திரிதான் தூங்கணும்னு கட்டாயம் இல்ல. எப்ப கண்ணு சொக்குதோ அப்ப படுத்துடுங்க" என்றார்.

எனக்குக் கண் சொக்கியது சாயங்காலத்தில். ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவி உட்கார்ந்தால் தலை தானாகச் சாயும். ஆறிலிருந்து ஏழரை வரை நிஜமாகவே தூங்கினேன். இரவு பழையபடிதான். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மனுஷனாகிவிட்டேன். ஆபீஸில்கூட, "என்ன சார், முகம் தெளிவா இருக்கு?" என்றார்கள். மனைவி அந்தத் தூக்கத்தைக் கண்ணாடிப் பாத்திரம் போலக் காப்பாற்றினாள். துண்டு, குக்கர், டிவி எல்லாம் அப்போது ஏற்பட்ட ஏற்பாடுதான்.

அப்படி நாலைந்து மாதம் ஓடியிருக்கும். ஒரு சனிக்கிழமை, சூரணம் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே மகளின் மிருதங்க வாத்தியாரைப் பார்த்தேன். எட்டு வயதிலிருந்து அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைக்கு மிருதங்கமா என்று உறவில் கேட்டவர்கள் உண்டு. வாத்தியார் கேட்டதில்லை. "கை பேசறது, அது போதும்" என்று சேர்த்துக்கொண்டவர்.

அன்றைக்கு அவர் முகம் சரியில்லை.

"சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுண்டிருந்தேன். உங்க பொண்ணு ஆத்துல சாதகம் பண்றாளா, இல்லையா?"

"பண்றாளே சார்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். கடைசியாக அவள் வாசித்து எப்போது கேட்டேன்?

"நவராத்திரிக்கு ஒரு பாட்டுக் கச்சேரிக்கு இவள வாசிக்க வெக்கலாம்னு நெனச்சிண்டிருக்கேன். பாடம் அத்தனையும் மனப்பாடமா இருக்கு. கணக்குல ஒரு தப்பு கெடையாது. ஆனா கையில நாதமே இல்ல. பஞ்சுல வாசிக்கற மாதிரி வாசிக்கறா. கேட்டா, தலகாணியிலதான் சார் பண்றேங்கறா. ஏண்டீன்னா, அப்பா தூங்குவார்ங்கறா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

சூரணத்தை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அவள் முன்பெல்லாம் விடியற்காலையில் எழுந்து வாசிப்பாள். அது எனக்குக் கண் அசரும் நேரம் என்று எப்போதோ நின்றுபோயிருந்தது. அப்புறம் பள்ளிக்கூடமும் டியூஷனும் முடிந்து வந்து சாயங்காலம் வாசித்தாள். அந்த நேரத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் வாசிக்காதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி வீடு எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. மிருதங்கம் உறையோடு பீரோவுக்குப் பக்கத்தில் நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் படுக்கப் போனேன்.

அன்று மாலை படுத்தேன், தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிவைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, துணி துவைக்கும் இடத்துப் பக்கமிருந்து மெத்து மெத்தென்று ஒரு சத்தம். எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் தலையணை. இரண்டு கையும் அதன் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. தா தீ தொம் நம் என்று சொல்கட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். தலையணை உறை நடுவில் நைந்து நூல் தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"சாரிப்பா. எழுப்பிட்டேனா?"

அவள் அழுதிருந்தால், கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். பன்னிரண்டு வயதுப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"மிருதங்கத்த எடுத்து வாசிம்மா. நான் கேக்கணும்" என்றேன்.

"வேணாம்பா. நீங்க தூங்கணும். நீங்க தூங்கலைன்னா அம்மா சமையல்ரூம்ல போய் அழறாங்க. உங்களுக்குத் தெரியாது."

உண்மைதான், எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் நடந்த எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கண்ணும் அதில் வராத தூக்கமும்தான்.

வாசி என்று கட்டாயப்படுத்தினால் பயந்து பயந்துதான் வாசிப்பாள் என்று புரிந்தது. அதனால் ஒரு பொய் சொன்னேன். சாயங்காலத்தில் நடக்கவேண்டும் என்று ஒரு டாக்டர் நண்பர் சொன்னதாகவும், தினமும் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போய் நடக்கப்போவதாகவும் மனைவியிடம் சொன்னேன். "அப்ப தூக்கம்?" என்றாள். "நடந்தா ராத்திரியே வருமாம்" என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்றால், அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

முதல் நாள் உண்மையாகவே பீச்சில் நடந்தேன். சுண்டலும் கூட்டமும் காற்றும், நாலு எட்டு வைத்தால் யார் மீதாவது இடிக்க வேண்டியிருந்தது. தூக்கம் இழுத்து, அலைக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் நாள், நடக்கத் தெம்பில்லாமல், திருவான்மியூர் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அடையாறு பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது வரைதான் தெரியும்.

"யோவ் சார், எறங்கு. டெர்மினஸ் வந்துகீது."

கண்டக்டர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். எந்தச் சூரணத்துக்கும் மசியாத தூக்கம், கூட்டமும் ஹாரனும் நிறைந்த பஸ்ஸில் வந்திருந்தது. திரும்பி வரும்போதும் வந்தது. அன்றிலிருந்து அதுவே என் சாயங்காலம். மயிலாப்பூரில் ஏறுவேன், திருவான்மியூர் போவேன், அதே பஸ்ஸில் திரும்புவேன். வீட்டுப் படி ஏறும்போது மிருதங்கச் சத்தம் கேட்கும். நான் உள்ளே வந்ததும் நின்றுவிடும்.

அந்தக் கண்டக்டர் என்னைத் தெரிந்துகொண்டார். ஒருநாள் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னா சார், டெய்லி தூங்கிக்கினே போற, தூங்கிக்கினே வர்ற. வூட்ல தூங்க வுடமாட்றாங்களா? பேஜாரா?" என்றார்.

"அதெல்லாம் இல்லப்பா" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பாவப்பட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். எனக்காகப் போனுக்கே துண்டு போர்த்திய ஒருத்தியைப் பற்றி ஊருக்கு இப்படி ஒரு எண்ணத்தை உண்டாக்கிவிட்டேனே என்று அன்று முழுக்க உறுத்தியது. அவளோ, சூரணமும் நடையும் சேர்ந்து எனக்குக் குணமாகிவிட்டது என்று பாய் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவராத்திரி வந்தது. மயிலாப்பூரிலேயே ஒரு சின்ன ஹால். வாத்தியாருக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பெண் பாட்டு, என் மகள் மிருதங்கம். பட்டுப்பாவாடை கட்டி, மிருதங்கத்தை மடியில் சாய்த்து உட்கார்ந்தபோது அதற்குப் பின்னால் அவள் பாதி மறைந்துபோனாள். முன்வரிசையில் எனக்கும் மனைவிக்கும் இடம் போட்டிருந்தார்கள். கச்சேரிக்காக நான் அன்று பஸ் ஏறவில்லை.

முதல் பாட்டு நன்றாகக் கேட்டேன். அவள் கையில் நாதம் இருந்தது; எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் நெஞ்சுக்கூட்டில் வந்து அதிர்ந்தது. வாத்தியார் ஓரமாக உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு. மின்விசிறி, ஊதுவத்தி வாசனை, சுண்டல் தாளிக்கும் வாசனை. அடுத்தது பெரிய பாட்டு, அதில்தான் தனி ஆவர்த்தனம், பாட்டு நின்று அவள் மட்டும் தனியாக வாசிக்கப்போகிறாள் என்று மனைவி காதில் சொன்னாள். சரி என்றேன்.

விழித்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் தலை மனைவியின் தோளில் இருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தனி?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள்.

"எழுப்பறதுக்கென்ன?"

எப்படி எழுப்புவாள்? இத்தனை மாதமாக யாரும் என்னை எழுப்பாமல் இருக்கத்தானே அவள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்?

கச்சேரி முடிந்து மகள் ஓடிவந்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் அதைப் பார்க்கவே இல்லை. "அப்பா, நீங்க தூங்கிட்டீங்க! நான் வாசிக்கும்போதே தூங்கிட்டீங்க! பாத்துக்கிட்டே வாசிச்சேன்!" என்றாள். தான் வாசித்தாலும் அப்பாவுக்குத் தூக்கம் வருகிறது, இனி வீட்டில் பயமில்லாமல் வாசிக்கலாம் என்று அவளுக்குச் சந்தோஷம். குதிக்காத குறை. வாத்தியார் கொஞ்சம் தள்ளி நின்று மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், மகளை முன்னால் போகவிட்டு, மனைவியிடம் பஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "பீச்சுக்குப் போயிட்டு வர்ற மனுஷன் செருப்புல ஒரு பொட்டு மண்ணு இல்ல. எங்கயோ போய் உக்காந்துட்டு வர்றீங்கன்னு நெனச்சேன். அவ வாசிக்கறதுக்காகத்தான்னு புரிஞ்சுது. கேட்டா நின்னுடுவீங்கன்னு கேக்கல."

"பாய் வீட்ல குணமாயிடுச்சுன்னு சொன்னியே?"

"அந்தம்மா தினம் பூ பறிச்சுத் தர்றாங்க. வேற என்ன சொல்றது?"

அதற்கப்புறம் வீட்டில் துண்டு, குக்கர் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் ஹாலில் உட்கார்ந்து வாசித்தாள். அவள் ஆசைக்காக எதிரே பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். சில நாள் தூங்கினேன். பல நாள் தூங்குவதுபோலக் கிடந்தேன். இரவுத் தூக்கம் ஒழுங்காகத் திரும்ப இன்னும் சில வருஷங்கள் பிடித்தது, எது தந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பிளஸ் டூ வரைக்கும் வாசித்தாள். அப்புறம் காலேஜ், ஹாஸ்டல் என்று போனதில் நின்றுவிட்டது. அதற்கு நான் காரணமில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். நவராத்திரிக் கச்சேரியில் அவள் தனியாக வாசித்த அந்தப் பத்து நிமிஷம் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டதுண்டு. "சூப்பரா இருந்துச்சுப்பா" என்று சிரிப்பாள், வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மனைவியிடம் கேட்டால், "நானும் சரியா கேக்கல" என்கிறாள். என் தலை நழுவி விழுந்துவிடக்கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.