எங்கும் போகாமல் நடப்பதற்கான உடுப்பு

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் இங்கர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கையோடு வெளியே போய் வெறுங்கையோடு திரும்பி வருவார். நோர்வேக்கு வந்த புதிதில் யன்னலால் இதைப் பார்த்து நான் குழம்பிப்போவேன். கடைகள் பூட்டிக் கிடக்கும் நாளில், மழை தூறும்போது, பையும் இல்லாமல் குடையும் இல்லாமல் ஒரு மனிசி எங்கே போகிறார்? கோயிலுக்கென்றால் உடுப்பு அப்படியில்லை. ஆஸ்பத்திரிக்கென்றால் முகம் அப்படியில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கன்னம் சிவந்து, சப்பாத்தில் சேறோடு, ஏதோ பெரிய காரியம் முடித்தவர் போலப் படியேறி வருவார். ஒருநாள் படிக்கட்டில் சந்தித்தபோது, எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், "எங்கே போனீர்கள்?" என்று கேட்டேன். "தூர்" என்றார். காட்டுக்குள் நடந்துவிட்டு வருவதற்கு இவர்கள் சொல்லும் சொல் அது. "காட்டில் என்ன இருக்கிறது?" என்றேன். "ஒன்றுமே இல்லை" என்று சந்தோசமாகச் சொன்னார். அவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

திருகோணமலையில் நான் காரணமில்லாமல் நடந்ததே இல்லை. சாம்பல்தீவிலிருந்து நகரத்துக் கடையொன்றுக்கு பில் எழுதும் வேலைக்காகப் போய்வந்த காலத்தில், பஸ் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் நிற்கும். எல்லாரும் இறங்கி வரிசையாக நடந்து, சோதனை முடிந்து, மறுபக்கத்தில் ஏற வேண்டும். "எங்க போறது?" என்று கேட்டால் வாயில் பதில் இருக்க வேண்டும், அந்தப் பதிலுக்கேற்ற பை கையில் இருக்க வேண்டும், உடுப்பும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆமிப்பச்சை கூடாது, கறுப்பு கூடாது, காடு மாதிரி அச்சடித்த துணி கூடவே கூடாது. பெண்பிள்ளை பாவாடையை விட்டு நீளக் களிசான் போட்டால், தலைமயிரைக் கட்டையாக வெட்டினால், கயிறு கட்டுகிற சப்பாத்துப் போட்டால் சண்டைக்குப் போன இயக்கப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள். வெளிர் நிறத்தில் விரிந்த பாவாடைதான் நல்லது. தூரத்திலிருந்து பார்த்தாலே சாதாரண சனம் என்று தெரியும். ஓட வேண்டி வந்தால் ஓடலாம். பதுங்குகுழிக்குள் குந்தியிருக்கலாம். அடையாள அட்டையை வைக்க உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்திருப்போம். படுக்கும்போதும் அந்த உடுப்போடுதான் படுப்போம். வசதியான உடுப்பு என்றால் எனக்கு அர்த்தம் அதுதான். கடையில் ஒரு சீத்தைத் துணியைக் கையில் எடுத்த உடனே கண் தானாக இதையெல்லாம் பார்த்துவிடும். விலையையும் அழகையும் பிறகுதான் பார்க்கும்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்தபோது இங்குள்ள டொக்டர் குளிசையோடு நடையையும் எழுதித் தந்தார். முதியோர் இல்லத்தில் காலையிலிருந்து நிலம் துடைத்துக்கொண்டு நடக்கிறேன்தானே என்றேன். அது சேராதாம், வெளியே போய் வியர்க்க வியர்க்க நடக்க வேண்டுமாம். எதை உடுத்துக்கொண்டு நடப்பது? வேலைச் சீருடையைத் தவிர என்னிடம் இருந்தவை பாவாடைகளும் கோயிலுக்குக் கட்டுகிற சேலைகளும்தான். வெட்கத்தில் பல மாதம் இழுத்தடித்தேன். கடைசியில் இங்கரே என்னைக் கையில் பிடித்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே போனதும் நான் வாசலோடு நின்றுவிட்டேன். ஒரு சுவர் முழுக்க ஆமிப்பச்சையும் கறுப்பும் காட்டு அச்சும் தொங்கின. உடம்போடு ஒட்டும் கறுப்புக் களிசான் ஒன்றை எடுத்து, "இது எல்லாருக்கும் பொருந்தும்" என்றார் இங்கர். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அந்தச் சுவருக்கு எட்ட நின்று தேடினேன். இடுப்பில் இழுபடும் பட்டி வைத்த, தொடையில் தளர்வான வெளிர் நீலக் களிசான் ஒன்று அகப்பட்டது. மேலே போட மஞ்சள் நிற யக்கெற். அதில் வெள்ளிக்கோடுகள் பளிச்சென்று மின்னின. "நல்ல தெரிவு! இருட்டிலும் உன்னைத் தூரத்திலிருந்தே காண்பார்கள்" என்றார் இங்கர். "ஓம், கண்டால் நல்லது" என்றேன். அவர் கார் ஓட்டுகிறவர்களைச் சொன்னார். நான் துவக்கு வைத்திருப்பவர்களை நினைத்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

உடுப்பு மாற்றும் சிற்றறையில், திரைக்குப் பின்னால், அந்தக் களிசானோடு நான் நன்றாகக் குந்திப் பார்த்தேன். குழிக்குள் நெடுநேரம் இருக்க வேண்டி வந்தால் இடுப்பில் வெட்டுமா, முழங்காலில் இறுக்குமா என்று பார்க்கிற பழைய பழக்கம். திரைக்குக் கீழே தெரிந்ததைப் பார்த்த விற்பனைப் பெண் பயந்துபோய், "சுகமில்லையா?" என்று கேட்டாள். இங்கர் எட்டிப் பார்த்து, "இல்லை, இல்லை, இப்படிக் குந்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இவளுக்கு விசயம் தெரியும்" என்று எனக்காகப் பெருமைப்பட்டார். ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் என்னைப் போல இங்கு வந்திருப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்: வாங்க முன்னர் குந்திப் பாருங்கள். தொடையின் உள்பக்கத் தையலைக் கையால் தடவிப் பாருங்கள். தடிப்பாக இருந்தால் உரஞ்சிப் புண்ணாக்கும். பருத்தி நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் குளிரில் அது வியர்வையைப் பிடித்து வைத்து முதுகை விறைக்கப் பண்ணும். உடம்போடு மெல்லிய கம்பளிதான் சரி. யக்கெற்றின் சீட்டை இங்கர் எனக்கு வாசித்துக் காட்டினார். பழைய பிளாஸ்ரிக் போத்தல்களை உருக்கி நூலாக்கிச் செய்ததாம். "பேரெக்ராஃப்தி" என்றார். பூமிக்குப் பாரமில்லாமல், நெடுங்காலம் உழைக்கிற பொருள் என்று விளங்கப்படுத்தினார். "பத்து வருசம் போடலாம்" என்றார். பத்து வருசத்துக்குப் பிறகும் இருப்போம் என்று வைத்து ஒருவர் உடுப்பு வாங்குவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். சரோசா அக்கா என்னை விட மூத்தவர். அத்தானோடு திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிறார், பிள்ளைகள் இல்லை. அவருக்கும் அதே சீனி வருத்தம், என்னுடையதை விடக் கடுமை. களிசான் வாங்கிய கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடி, நீயே? களிசானோ? கடைசியா இயக்கத்துக்குப் போயிட்டாய் என்ன?"

"பகிடி விடாதேங்கோ அக்கா. உங்கட டொக்டர் என்ன சொல்லுறார்?"

"என்ன, நடவாம். எங்கை நடக்கிறது, டொக்டரிட மேசையைச் சுத்தியே? முந்தநாள் வெளிக்கிட்டனான். சென்றியில நிக்கிற பொடியன் எங்க போறது எண்டு கேட்டான். நடக்கப் போறன் எண்டன். நடந்து எங்க போறது எண்டான். நடந்து திரும்பி வீட்டை வாறதுக்கு எண்டன். அவன் மற்றவனைக் கூப்பிட்டிட்டான்."

"ஐயோ. பிறகு?"

"பிறகென்ன, இப்ப ஒவ்வொரு நாளும் ஒரு நெருப்புப்பெட்டி வாங்கப் போறன். அத்தான் கேக்கிறார், வீட்டைக் கொளுத்தப் போறியோ எண்டு."

அப்படித்தான் அக்கா நடந்தார். கையில் பை, பைக்குள் நெருப்புப்பெட்டி, உடம்பில் வெளிர் நிறப் பாவாடை. நடக்க நடக்கச் சீனி இறங்கியது, கிளினிக்கில் பாராட்டினார்களாம். ஆனால் செருப்பின் வார் விரலிடுக்கில் வெட்டத் தொடங்கியது. சீனிக்காரருக்குக் காலில் புண் வந்தால் இலேசில் ஆறாது. "அடி மெத்தையான சப்பாத்து ஒண்டு அனுப்புவியே?" என்று அவரே கேட்டார். பார்த்துப் பார்த்து எடுத்தேன். கயிறு கட்டாத, ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்த சப்பாத்து. வெள்ளையில் மெல்லிய ரோசா நிறம். அந்த நிறத்தில் எந்த இயக்கப் பிள்ளையும் சப்பாத்துப் போட்டிருக்கமாட்டாள் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

சப்பாத்து கையில் கிடைத்ததும் அக்கா போன் எடுத்தார். குரலில் சிரிப்பில்லை.

"நல்ல சப்பாத்து, பிள்ளை. காலுக்குப் பஞ்சு மாதிரி. ஆனா உனக்கு இப்பத்தைய நிலைமை தெரியாது. இப்ப நிறமில்லைப் பிரச்சினை. புதுசுதான் பிரச்சினை."

நான் ஊரை விட்டு வந்த பிறகு சமாதானம் ஒன்று வந்து, அதுவும் முறிந்து, பயத்தின் வகை மாறியிருந்தது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். யார் என்று கேட்க முடியாது. கூட்டிக்கொண்டு போவார்கள், காசு கேட்பார்கள். அதனால் புதிய உடுப்பு, புதிய சைக்கிள், வாசனைச் சவர்க்காரம், எதையும் சனம் வெளியில் காட்டுவதில்லை. அத்தான் அந்தச் சப்பாத்தைக் கிணற்றடிச் சேற்றில் முக்கி, காயவைத்து, அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பக்கத்தில் இருந்த கொம்பனிப் பெயரைச் சவர அலகால் சுரண்டி எடுத்தார். வருசக்கணக்கில் உழைக்கும் என்று சொல்லி விற்றதை அவர்கள் ஒரே பகலில் பழசாக்கினார்கள்.

கொஞ்ச நாள் அது பலித்தது. ஒரு காலை, சென்றியில் பெண்களைத் தடவிச் சோதிக்கும் ஆமிப் பெண், சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். மேலே பார்த்தாள், பிறகு திருப்பி அடியைப் பார்த்தாள். அடி தேயவில்லை; வெட்டு வெட்டாகப் புத்தம் புதிதாக இருந்தது. அதைத் தேய்க்க அத்தானுக்குத் தோன்றவில்லை.

"ஆர் அனுப்பினது?"

"தங்கச்சி."

"எந்த நாடு?"

அக்கா சொன்னார். பொய் சொல்லி அகப்பட்டால் இன்னும் மோசம். பின்னால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது. அந்தக் கிழமையே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் அக்காவின் ஒழுங்கைக்கு வந்து, நோர்வேயில் தங்கச்சி இருக்கிற வீடு எது என்று பெட்டிக்கடையில் விசாரித்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. வராதது போதாதே, வரமாட்டார்கள் என்று தெரிய வேண்டுமே. அக்கா வெளியே இறங்குவதை விட்டுவிட்டார். சந்தைக்கு அத்தான் போனார். கிளினிக் நாளும் தவறியது. சப்பாத்தைக் கூரைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, யன்னல்களைச் சாத்தி, குசினியிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து குசினி என்று வெறுங்காலோடு நடந்தார்.

"நாலு எட்டு எடுத்து வைக்க முதல் சுவர் வருகுதடி" என்றார் ஒருநாள். "கதிரையைச் சுத்தி, அலுமாரியைச் சுத்தி, எனக்குத் தலையும் சுத்துது."

அப்படி நடந்தபோதுதான் நிலைப்படியில் விரலை இடித்துக்கொண்டார். சின்னக் காயம் என்றார். மஞ்சள் போட்டிருக்கிறேன் என்றார். காய்ச்சல் வந்த பிறகுதான் அத்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து என்னோடு கதைத்தபோது, "இனிச் சப்பாத்து அனுப்புறதெண்டா இடதுக்கு மட்டும் அனுப்பு" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நான் இங்கே நடக்கிறேன். வெளிர் நீலக் களிசான் இன்னும் நிறம் மங்கவில்லை. என் சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருப்பதாக டொக்டர் கணினியைப் பார்த்துச் சொல்கிறார். நான் வீட்டில் துயரத்தோடு இருப்பதைக் கண்டு, "காட்டுக்குப் போ, எல்லாம் இலேசாகும்" என்கிறார் இங்கர். அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "ஏன் அவர் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?" என்று கேட்டார். பயம் என்றேன். "ஊசிக்கா?" என்று கேட்டு என் தோளைத் தடவினார். நல்ல மனிசி.

இப்போது வேலை முடிந்து ஏரிக்கரையில் நடக்கும்போது அக்காவுக்கு எடுக்கிறேன். அங்கே பின்னேரம். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருப்பார். கதைக்க இருவருக்கும் ஒன்றுமில்லை. செயற்கைக் கால் பற்றி இப்போது கேட்பதில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும். "நட, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பார். சரளைக்கல் பாதையில் என் சப்பாத்துச் சத்தம் அவருக்குக் கேட்கும். அவருடைய மின்விசிறி கிறீச்சிடுவது எனக்குக் கேட்கும்.

போன கிழமை அப்படி நடந்துகொண்டிருந்தபோது, போனுக்குள் பெரிய இரைச்சல் எழுந்தது. "பொறு, வாகனம் போகுது" என்றார் அக்கா. ஆமியின் கனரக வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, துறைமுகப் பக்கமாக. ஊரில் அந்தத் தொடர் வந்தால் சைக்கிளில் போகிறவர்களும் இறங்கி, தெருவை விட்டு விலகி, அசையாமல் நிற்க வேண்டும். நான் பாதையிலிருந்து இறங்கி ஈரப்புல்லில் நின்றேன். எதிரே நாயோடு வந்த கிழவர் ஒருவர், தனக்காகத்தான் வழி விட்டேன் என்று நினைத்து, தொப்பியைத் தொட்டு "தக்" என்று நன்றி சொல்லிக் கடந்து போனார். பாதை வெறுமையாகக் கிடந்தது. போனை மற்றக் கையால் பொத்திப் பிடித்தபடி, கடைசி வண்டியும் போய் முடியும்வரை நான் அங்கேயே நின்றேன்.